இன்னும் ரெண்டடி

குழியோர நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம், கூண்டு வாங்க வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு மண்வெட்டியை எடுத்து ஒரே ஒரு கொத்து கொத்துங்கள், போதும். வெட்டிய மண் பக்கத்தில் போய் விழுவதற்குள் அவர் வந்து நிற்பார். எங்கிருந்து வந்தார், யார் சொல்லி வந்தார், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கேட்டால், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்பார். அந்தப் பக்கத்தில் அவருக்குச் சொந்தக்காரர் கிடையாது, கடை கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. குழி இருக்கிறது, அதனால் வந்திருக்கிறார்.

அடையாளம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கும். ஒரு கால் தரையில் இருக்கும். மற்றொரு கால், பாவம் யாரோ வியர்க்க விறுவிறுக்க அள்ளிப் போட்ட மண்மேட்டின் மேல் இருக்கும். அந்த மண் பொலபொலவென்று சரிந்து மறுபடி குழிக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கழுத்து மட்டும் முன்னால் நீண்டிருக்கும். முதலில் ஒன்றும் பேச மாட்டார். அந்த மௌனத்தை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து "ச்சு" என்று ஒரு சத்தம் வரும். தோண்டுகிறவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை, தோண்டச் சொன்னவனுக்கு மூளை இல்லை, தன்னைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்ற மூன்றும் அந்த ஒரு "ச்சு"வில் அடக்கம்.

குழிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிற ஆளும் இல்லை அவர். குழி கிடைக்காத நாட்களில் நடுவழியில் நின்றுபோன காரின் மூடியைத் திறந்து யாராவது பார்த்தால் அவரும் பார்ப்பார். மருத்துவமனையில் பக்கத்து நாற்காலிக்காரர் தன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், இவர் எட்டிப் பார்த்து, "இது பழைய முறிவாச்சே" என்பார். அந்த மனிதர் சளிக்கு வந்தவராக இருப்பார்.

இந்த இனத்தால் முடியாத காரியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். "தெரியாது" என்ற சொல்லை அவர்களால் சொல்ல முடியாது. சந்தேகமாக இருந்தால் வழி கேட்டுப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத தெருவுக்கும் இடது, வலது, ஒரு பம்ப், ஒரு புளியமரம் என்று அடையாளத்தோடு வழி சொல்வார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் வேறாக இருந்தால் தப்பு உங்கள் மேல். அல்லது அந்தத் தெருவின் மேல்.

எல்லாம் பொதுவாகச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் பக்கத்து மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் மட்டும் புழங்குகிறது. ஊருக்கு அவர் ரெண்டடியார். வேலைக்காலம் முழுவதும் பேருந்து நடத்துநராக இருந்தவர். படியில் தொங்கும் கூட்டத்தைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் ரெண்டடி உள்ள போங்க, உள்ள எவ்ளோ எடம் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியவர். உள்ளே எள் போட இடம் இருக்காது. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் எப்படியோ போனார்கள். அதிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது: எதற்குள்ளும் இன்னும் ரெண்டடி போகலாம், போனால் ஏதாவது இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு பேருந்து போய்விட்டது, ரெண்டடி மட்டும் வாயில் தங்கிவிட்டது. கழிவுநீர்க் குழியோ கம்பம் நடும் குழியோ, அவர் தீர்ப்பு ஒன்றுதான்: "இன்னும் ரெண்டடி போங்க."

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் பக்கத்தில் தொல்லியல் துறை வந்து குழி தோண்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

எங்கள் ஓடையின் மேல் ஒரு பழைய பாலம். அகலம் குறைவு, வயது அதிகம். நடுவில் ஓரிடம் உள்வாங்கிவிட்டது. அந்த இடத்தில் கைப்பிடிச் சுவரும் போன மழையில் ஓடையில் விழுந்துவிட்டது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆட்களையும் நிறுத்தி, இரண்டு முனையிலும் தார் டிரம்களை வைத்துவிட்டார்கள். மருத்துவமனை இந்தக் கரையில். ரெண்டடியாரின் மகள் அந்தக் கரையில். நிறைமாதம், தலைப்பிரசவம். சுற்றுவழியில் வண்டி வர அரைநாள் ஆகும், அதுவும் குண்டும் குழியுமான மலைப்பாதை. "இப்பவே இங்க வந்துடு" என்று அம்மா கூப்பிட்டால், மகள் வருகிற நிலையில் இல்லை. வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார், கடையையும் அவரையும் அவள்தான் பார்க்க வேண்டும். இன்னொரு காரணத்தையும் அவள் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்: "அப்பா நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாரும்மா."

புதுப் பாலம் கட்ட மாதக்கணக்காகும். ஆனால் அதற்கு முன்னால், பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே குழாய்களைப் போட்டு, மண்ணைக் கொட்டி, வண்டி போகிற மாதிரி ஒரு தற்காலிகப் பாதை போட்டுவிடுவார்கள். அது சில நாள் வேலைதான். குழாய்கள்கூட வந்து கரையில் அடுக்கியாகிவிட்டது. ஒரே ஒரு விதி குறுக்கே நின்றது. பழைய இடங்களில் பாலம், பாதை எது போடுவதானாலும், கீழே பழங்காலத்துச் சின்னம் ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று தொல்லியல் துறை சொன்ன பிறகுதான் போட வேண்டும். மழை இன்னும் கொஞ்ச நாளில். பிரசவம் அதைவிடக் கொஞ்ச நாளில். ஆக, ஓர் அதிகாரி வந்து, குழி தோண்டி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதில் சிக்கல் வர என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

அதிகாரி வந்தார். அகலத் தொப்பி போட்ட ஒரு பெண். அன்று மாலையே ஊர் அவருக்குத் தொப்பியம்மா என்று பெயர் வைத்துவிட்டது. கூட ஒரு மேஸ்திரி, நாலைந்து கூலியாட்கள். தற்காலிகப் பாதை வரப்போகிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சதுரமாகக் குழி போட்டார்கள். மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்து, சல்லடையில் சலித்து, தூரிகையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். சாலை எஞ்சினியர் தள்ளி நின்று வானத்தையும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டடியார் அதற்குள் மண்மேட்டின் மேல் காலை வைத்தாகிவிட்டது.

"ஏம்மா, இது குழி வெட்டுறதா, கொழந்தைக்குப் பவுடர் போடுறதா?"

"மெதுவாத்தான் ஐயா பண்ணணும். வேகமா வெட்டினா உள்ள இருக்கறது உடைஞ்சிடும்."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாதுங்க. அதுக்குத்தான தோண்டறோம்."

ரெண்டடியார் திரும்பி எங்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? அவங்களுக்கே தெரியலையாம்!"

அன்றிலிருந்து குழியை விளக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அவரே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம். ஓர் ஓட்டாஞ்சில்லு வந்தது. "அரண்மனைச் சமையல்கட்டு" என்றார். துருப்பிடித்த லாடம் ஒன்று வந்தது. "குதிரைப்படை!" என்றார். "சார், இது மாட்டு லாடம்" என்றார் மேஸ்திரி. "மாட்டுப்படை" என்றார் ரெண்டடியார், கண் இமைக்காமல். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி வந்தது. மகாராணியின் வாசனைத் தைலம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தொப்பியம்மா அதைத் துடைத்து, "குளிர வைத்துக் குடிக்கவும்னு போட்டிருக்கு ஐயா" என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் எங்கள் பக்கம் திரும்பி, "அந்தக் காலத்துலயே குளிர வெக்கற வசதி இருந்திருக்கு, பாத்துக்கங்க" என்றார். அடுத்து ஒரு பொத்தான். தளபதியின் அங்கியில் இருந்தது என்றார். மேஸ்திரி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நடுவில் ஒரு பொத்தானைக் காணோம். "என்னுதுங்க, காலைல அறுந்துது" என்றார். ரெண்டடியார் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க பரம்பரை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஜனங்கள் என்னவோ தொப்பியம்மாவைச் சுற்றி நிற்கவில்லை, அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். "ஒண்ணுமில்லை" என்று சொல்கிறவரிடம் யார் நிற்பார்கள்? இவரிடம் அரண்மனை இருந்தது. இரண்டே நாளில் அதற்கு மாடி வந்துவிட்டது. மூன்றாம் நாள், மகாராணி குளிக்கப் போகும் சுரங்கவழி எங்கள் தெரு பம்புக்கு அடியில் போகிறது என்று முடிவாயிற்று. தெரியாத்தனமாக இத்தனை நாள் சுரங்கத்தின் மேல் குடத்தை வைத்துவிட்டோமே என்று ஒரு அம்மாள் வருத்தப்பட்டார்.

பிறகு ஒருநாள் தொப்பியம்மா குழியிலிருந்து ஏறி வந்து கையைத் தட்டிக்கொண்டார். "கன்னிமண் வந்தாச்சு. முடிஞ்சுது."

கன்னிமண் என்றால் மனிதன் கை படாத மண். அது வந்துவிட்டால் அதற்குக் கீழே சட்டி கிடையாது, சுவர் கிடையாது, மனித வாடையே கிடையாது.

"இன்னும் ரெண்டடி போங்க" என்றார் ரெண்டடியார்.

"போனா மண்ணுதான் ஐயா வரும்."

"அது போனாத்தான தெரியும்?"

எஞ்சினியர் அவசரமாக நடுவில் புகுந்து, "மேடம், அப்ப நாங்க நாளைக்கே குழாய எறக்கலாமா?" என்று கேட்டார். எறக்கலாம், ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி என்றார் தொப்பியம்மா. தோண்டி முடித்ததும் உள்ளூர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் துறை வழக்கம். குழியோரத்தில் நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கரையில பழைய கட்டடம், கல்லு, சிலை இப்படி எதையாவது உங்கள்ல யாராச்சும் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

கேள்வி என்னவோ பொதுக் கேள்விதான். ஆனால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. இத்தனை பேர் இத்தனை மரியாதையோடு தன்னைப் பார்க்கும்போது, ஒரு மனிதன் "இல்லை" என்று சொல்லிவிட்டு உயிரோடு இருக்க முடியுமா? ரெண்டடியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"படிக்கட்டு இருக்கு."

"என்ன படிக்கட்டு?"

"கல் படிக்கட்டு. கீழ எறங்குது. சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன். நின்னுருக்கேன்."

"எந்த எடத்துல?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. விரல் காற்றில் கொஞ்ச நேரம் அலைந்தது. ஓடையைக் காட்டியது, புதரைக் காட்டியது, ஒரு சுற்று சுற்றி, தற்காலிகப் பாதை கரை ஏறும் இடத்தில், அடுக்கி வைத்த குழாய்களுக்கு நேர் அடியில் போய் நின்றது. எஞ்சினியர் தலையில் கையை வைத்துக்கொண்டு மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இவர் சொல்றதை நம்பறீங்களா?" என்று அவர் பிறகு தனியாகக் கேட்டார்.

"நம்பல" என்றார் தொப்பியம்மா. "ஆனா நான் நம்பலன்னு குழிய மூட முடியாது சார். கண்ணால பார்த்தேன்னு ஒருத்தர் சொல்லிட்டார். பார்க்கலன்னு அவரே சொன்னாத்தான் விட முடியும். இல்லன்னா தேடித்தான் ஆகணும்."

குழாய்களை நகர்த்தவே ஒருநாள் போயிற்று.

ரெண்டடியார் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். தட்டு வைத்திருந்தது, தட்டில் சோறு இல்லை. எதிரே மனைவி உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

"படிக்கட்டு பார்த்தீங்களாமே?"

"ம்."

"சின்ன வயசுலயா?"

"ஆமா."

"சின்ன வயசுல நீங்க இந்த ஊர்லயே இல்லயே. வேலை மாத்தலாகித்தான இங்க வந்தோம்?"

ரெண்டடியார் தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் கவிழ்த்தார். செம்பும் காலியாகத்தான் இருந்தது.

"அங்க புள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது, நீங்க இங்க அரண்மனை கட்டிக்கிட்டு இருக்கீங்க. அவளுக்கு வலி எடுத்தா எப்படிங்க வருவா? உங்க சுரங்கத்து வழியாவா? நாளைக்குக் காலைல போயி, நான் பார்க்கலன்னு சொல்லிட்டு வாங்க."

"அது எப்படி? நாலு பேரு முன்னாடி சொன்னதாச்சே."

"அந்த நாலு பேரு முன்னாடியே சொல்லுங்க."

மகளை நினைத்து அவர் தூங்கவில்லை என்பதை நான் மறைக்க மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். உயிரைக் கொடு என்றால் கொடுத்திருப்பார். கேட்டது "தெரியாது" என்ற ஒரு சொல்லை. அது அவரிடம் இல்லை. அதனால், அந்தச் சொல்லைச் சொல்லாமலே சொன்னதைத் திரும்ப எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

மறுநாள் குழியோரத்துக்கு வந்து, "யோசிச்சுப் பார்த்தேன்மா. அந்தப் படிக்கட்ட வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கும். இப்ப இருக்காது. விட்டுடுங்க" என்றார்.

"எந்தப் பக்கமா அடிச்சிட்டுப் போயிருக்கும் ஐயா?"

கை தானாகவே நீண்டது. "அந்தக் கீழ்ப்பக்கமா."

கீழ்ப்பக்கமாக இன்னொரு குழி போட்டார்கள்.

அடுத்த நாள், "வெள்ளம் இல்லம்மா. கல்லப் பேத்து யாரோ வீடு கட்டிக்கிட்டாங்க" என்றார். யார் வீடு என்று தொப்பியம்மா கேட்டார். அதற்கும் கை நீண்டது. அவர்கள் போய் அந்த வீட்டுச் சுவரின் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே செங்கல்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை ரெண்டடியாரோடு பேசுவதில்லை.

அதற்கும் அடுத்த நாள், "அது படிக்கட்டே இல்லம்மா, சின்ன மேடை" என்றார். படிக்கட்டைச் சின்னதாக்கினால் வேலை குறையும் என்று நினைத்திருக்கிறார், பாவம். "அப்படியா? மேடைன்னா நாலு பக்கமும் அகலமாத் தோண்டணும்" என்றார் தொப்பியம்மா. எஞ்சினியர் அழுதார் என்று சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். பிறகு மறுபடி கழற்றினார்.

ஊருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடைக்கு மேல் கருமேகம் வந்து உட்கார்ந்தது. ரெண்டடியார் வாயைத் திறந்தாலே மேஸ்திரி, "ஐயா, வேணாம், சொல்லாதீங்க, கை வலிக்குது" என்று கும்பிட ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் தூறல் போட்டது. குழிமேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்க்கரையில் டிரம்மைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ரெண்டடியாரின் மகள். ஒரு கை இடுப்பில், ஒரு கை பாலத்துக் கைப்பிடிச் சுவரில். சின்ன ஓடை என்பதால் பேசினால் இந்தக் கரைக்குத் தெளிவாகக் கேட்கும்.

"அப்பா! நீங்க படிக்கட்டப் பார்த்தீங்களா, இல்லயா?"

"ஏய், பாலத்துல ஏறாத! கீழ எறங்கு!"

"பார்த்தீங்களா, இல்லயா?"

"அதாவதும்மா, அது எப்படின்னா..."

"சரி, நான் இன்னும் ரெண்டடி வரேன்" என்று சொல்லி, இரண்டு அடி எடுத்து வைத்தாள்.

தொப்பியம்மா குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவி வெளியே வந்து, "வராதீங்க, வராதீங்க!" என்று கத்தினார். ரெண்டடியாரின் மனைவி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இந்த முனையில் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷனை மட்டும் பார்த்தார்.

"பார்த்தீங்களாப்பா?"

"பார்த்த மாதிரி ஒரு ஞாபகம்..."

"இன்னும் ரெண்டடி."

உள்வாங்கிய இடம் அவளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இருந்தது. அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது. எஞ்சினியர் ரெண்டடியாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். மேஸ்திரி, "சொல்லித் தொலைங்களேன்யா!" என்று கத்தினார். ரெண்டடியாரின் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து கழன்று முன்னால் வந்தன. அவருடைய இரண்டு கையும் ஒன்றாக முன்பக்கம் வந்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

"தெ..." என்றார். நின்றார்.

"தெரி..." என்றார். 'தெரியும்' என்று முடித்துவிடுவாரோ என்று எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

அவள் அடுத்த காலைத் தூக்கினாள்.

"தெரியாது! தெரியாது! எனக்கு ஒண்ணும் தெரியாது! நான் படிக்கட்டயும் பார்க்கல, மேடையும் பார்க்கல, ஒரு மண்ணும் பார்க்கல! நில்லும்மா! என் கண்ணு, அப்படியே நில்லும்மா!"

அவள் நின்றாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னப்பா?" என்று கேட்டுவிட்டு, அதே மெதுநடையாகத் திரும்பிப் போனாள். அவள் அந்தக் கரையில் கால் வைத்தாள். பிறகு ரெண்டடியார் மண்மேட்டில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவர் மனைவி வந்து, "சரி, சரி, சொல்லிட்டீங்கல்ல, ஒண்ணும் ஆகலல்ல, எந்திரிங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தொப்பியம்மா பக்கத்தில் வந்து குந்தினார். "ஐயா, அப்ப பார்க்கலன்னு எழுதிக்கவா?"

"எழுதிக்கங்கம்மா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஊர் சிரிக்கும். பரவால்ல. எப்படிம்மா நீங்க அன்னிக்கு அவ்ளோ சாதாரணமா தெரியாதுன்னீங்க?"

"எனக்கு அதுக்குத்தான் ஐயா சம்பளம்."

அவர் விரலைத் தூக்கி, "ஆனா ஒண்ணும்மா..." என்று ஆரம்பித்தார். "ஐயா!" என்று கரை முழுவதும் ஒரே குரலில் கத்தியது. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளே குழாய்கள் இறங்கின. எஞ்சினியர் தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழைக்கு முந்தின நாள் பாதை திறந்தது. அதில் முதலில் வந்த வண்டி மகள் வந்த வண்டிதான். வலி எடுத்து, உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு முன்னால் ஒருவர் பின்பக்கமாகவே நடந்து வந்தார். வாயில் பழைய விசில், முன்னால் நீட்டிய இரண்டு கைகள். "வா வா வா, ஒடிச்சு வா, இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடி, ரைட், போலாம்!" அந்தப் பாதையில் ஒடிப்பதற்கு வளைவே கிடையாது. ஓட்டுநர் நேராகவே ஓட்டினார். வண்டி நல்லபடியாகக் கரை ஏறியது, குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. தொட்டிலை எட்டிப் பார்த்து, யார் ஜாடை என்று எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னபோது, ரெண்டடியார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாராம். அதைக் கேட்டு மகள் சிரித்த சிரிப்பில் தையல் வலித்ததாம்.

ஆகவே இந்த இனம் திருந்தக்கூடியதுதான். ஆனால் திருத்துவதற்கு ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் இடிந்த பாலமும் தேவைப்படுகின்றன. எல்லா வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது.

உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? மைத்துனர் ஞாபகம் வருகிறதா? அவருக்கு இதைப் படித்தபோது யார் ஞாபகம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். போகட்டும், போன வாரம் உங்கள் தெருவில் குழாய் பதிக்கக் குழி வெட்டினார்களே, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பறந்த நீங்கள் அங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள்? அப்போது உங்கள் கைகள் எங்கே இருந்தன? இதைப் படிக்கும்போதுகூட, கன்னிமண் அவ்வளவு சீக்கிரம் வராதே, இந்த ஆள் விவரம் தெரியாமல் எழுதுகிறான் என்று "ச்சு" கொட்டினீர்களே, எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தீர்களா?

நான் எப்படி எல்லாவற்றையும் இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்தேன் என்றா கேட்கிறீர்கள்? சும்மா அந்தப் பக்கமாகப் போனேன். இதோ, புதுப் பாலத்துக்கு இன்று அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். நீங்கள் மட்டும் தயவுசெய்து இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்கள். எனக்குக் குழி தெரியவில்லை.